பாரிஸ் நகரத்துத் தெருப் பெயர்ப் பலகைகள்

தெருவுக்குப் பெயர் இருப்பது வேறு; அப்பெயரைச் சுவரில் எழுதி வைப்பது வேறு. பாரிஸ் மாநகரின் தெருக்கள் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்று வழங்கியவை. எனினும், 1728-ஆம் ஆண்டு வரையில் அப்பெயர்களை மூலைக்கு மூலை பொறித்து வைக்கவேண்டும் என்று அரசினர் கட்டளையிட்டதில்லை. அங்கு வாழ்ந்த மக்களுக்கு அதற்கான தேவையும் தோன்றவில்லை. கடைகளின் முன்னே இரும்புக் கம்பிகளில் சித்திரப் பலகைகள் தொங்கின. பொன் சிங்கம் தொங்கும் கடைக்கு எதிர்வீடு என்றால் போதும், வந்தவர் கண்டுபிடித்துவிடுவார். எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய முகவரி அன்றோ அது? அப்பலகைகள் வரம்பின்றிப் பெருத்துத் தெருவை அடைத்துக்கொண்டபடியால், 1761-இல் அவற்றைச் சுவரோடு சுவராகப் பதிக்குமாறு உத்தரவு பிறந்தது.

தெருப் பெயர்களை எழுதுவிக்க முற்பட்டவர் வணிகரோ நகர மாந்தரோ அல்லர். போலீஸ் தலைவர் ரெனே எரோ என்பவர். 1728 சனவரியில் அவர் இட்ட கட்டளைப்படி தெரு முனை வீடுகளில் கறுப்பு எழுத்துகள் தீட்டிய தகரத் தகடுகள் அறையப்பட்டன. தகரம் நெடுநாள் தாங்கும் பொருளன்று. ஆகவே மறு ஆண்டிலேயே, பெயரைக் கல்லில் வெட்டிப் பதிக்கவேண்டும் என்று விதி மாறிற்று. அந்தப் பொறுப்பு மூலை வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அந்நாளில் பாரிஸ் இருபது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தெருப் பெயரின் கீழே வட்டாரத்தின் எண்ணையும் வெட்டினர். பழைய தெரு மூலைகள் சிலவற்றில் இக்கற்களை இன்றும் காணலாம்.

பெயரைப் பொறுத்துக்கொண்ட மக்கள் எண்ணைப் பொறுக்கவில்லை. 1779-இல், நகரக் கையேடு ஒன்றை வெளியிட்டு வந்த கிரீன்ஃபெல்ட் என்பவர் வீடுகளுக்கு இலக்கமிடத் தொடங்கினார். வரி வாங்குவதற்கான சூழ்ச்சி இது என்று மக்கள் ஐயுற்றதால், வேலையை இரவிலேயே நடத்தவேண்டியதாயிற்று. பிரபுக்களின் மனக்குறையோ வேறு வகை. தம் மாளிகை வாயிலில் ஓர் எண்ணை எழுதி, அடுத்த எண்ணைச் செருப்புத் தைப்பவன் குடிலுக்குக் கொடுப்பதா என்று அவர்கள் சினந்தனர். மக்களின் ஐயமும் வீண்போகவில்லை. புரட்சி அரசாங்கம் பின்னர் வீடுகளுக்கு எண் இட்டது வரிக் கணக்கிற்காகவேதான். அந்த எண்கள் தெருவைப் பாராது வட்டாரத்தைச் சுற்றிச் சென்றமையால், ஒரே தெருவில் ஒரே எண் இருமுறை வருவதும் உண்டு. வழி கேட்டு வந்தவர் பாடு பெரும்பாடாயிற்று!

புரட்சிக்காலத்தில் கல்லெழுத்துகளும் தப்பவில்லை. தெருப் பெயர்களிலிருந்து 'புனித' என்னும் அடைமொழியை, 1793-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உளி கொண்டு செதுக்கி எறிந்தனர். செவெரேன் தெருவின் பழங்கல்லில் அச்சொல் இருந்த இடம் வடுவாகவே நிற்கிறது. பதினைந்தாம் லூயி மன்னர் பெயர் தாங்கிய சதுக்கம் 1792-இல் புரட்சிச் சதுக்கமாகி, அங்கே மன்னர் பதினாறாம் லூயியின் தலை வீழ்ந்தபின், 1795-இல் 'கோங்கோர்த்', அதாவது இணக்கச் சதுக்கம் என்று பெயர் பெற்றது. குருதி சிந்திய இடத்துக்கு இணக்கம் என்று பெயரிடுவது அரசியலாருக்கே கைவந்த கலை.

குழப்பத்தை ஒழித்தது நெப்போலியன் காலத்து 1805 பிப்ரவரி கட்டளை. அதன் நுட்பம் வியக்கத்தக்கது. நகரின் நடுவே ஓடும் செய்ன் ஆறே அளவுகோலாக வைக்கப்பட்டது. ஆற்றுக்கு இணையாகச் செல்லும் தெருக்களில் எண்கள் நீரோட்டத்தின் திசையில் ஏறும். குறுக்காகச் செல்லும் தெருக்களில் ஆற்றங்கரையில் தொடங்கி ஏறிச் செல்லும். ஒற்றை எண்கள் இடப்புறம், இரட்டை எண்கள் வலப்புறம். இணைத்தெருக்களின் எண்கள் மஞ்சட்காவி நிலத்தில் சிவப்பு. குறுக்குத்தெருக்களில் அதே நிலத்தில் கறுப்பு. ஆகவே ஊருக்குப் புதியவர் ஒரு வீட்டு வாயிலைப் பார்த்த மாத்திரத்தில், ஆறு எப்பக்கம் என்பதையும் எண்ணின் நிறத்தாலும் ஏற்றத்தாலும் உணரலாம். நிறவேற்றுமை பின்னாளில் மறைந்தது. எண் ஏறும் முறை மட்டும் இன்றளவும் மாறவில்லை.

எண்ணெய்ச் சாயம் வெயிலிலும் மழையிலும் மங்கியது. 1844-இல், மாவட்ட ஆட்சித் தலைவர் ராம்புத்தோ இதற்கு முடிவு கண்டார். ஓவெர்ஞ் மலைநாட்டில் வொல்விக் என்னும் ஊரில் வெட்டப்படும் எரிமலைக் கல், தீயில் உடையாது; எனாமல் பூசிச் சூளையிலிட்டால் நிறம் கல்லோடு ஒன்றிவிடும். அக்கல்லில் நீல நிலமும் வெள்ளை எழுத்தும் அமைத்தனர். பச்சைக் கரையிட்ட பாரிஸ் பலகை எனப் பின்னர் உலகோர் அறிந்தது இதன் வழிவந்ததே. சில ஆண்டுகளுக்குள் வீட்டு எண்களும் நீல நிறம் பூண்டன. 1860-இல் சுற்றுப்புற ஊர்கள் நகரோடு சேர்க்கப்பட்டு, பாரிஸ் இருபது வட்டங்களாயிற்று. ஒரே பெயருள்ள தெருக்கள் பல ஒரே நகருக்குள் வந்துவிடவே, மறுபெயரிடும் வேலை மும்முரமாக நடந்தது. வட்டத்தின் எண் பலகையின் உச்சியில் இடம்பெறும் வழக்கமும் உண்டாயிற்று.

இந்த நீலம் கடல் கடந்தும் சென்றது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் கடற்கரைப் பகுதியில், நீல எனாமல் தகட்டில் வெள்ளை எழுத்தால் தெருப் பெயர்கள் காணப்படுகின்றன. பிரெஞ்சில் 'ரூ' என்று தொடங்கும் பெயரோடு, 'வீதி' என்று முடியும் தமிழ்ப்பெயரும் அதே தகட்டில் எழுதப்பட்டிருக்கிறது. துமா, சுப்ரேன் முதலிய பிரெஞ்சுக்காரர் பெயர்கள் அங்கே இன்றும் தமிழ் எழுத்தில் நிற்கின்றன.