மூன்றாம் இலக்கத்தோடு நின்றுவிடும் கணக்கு

மாதேசுவரன் மலைப் பகுதியிலுள்ள மார்டள்ளி, தமிழ் பேசுவோர் மிகுந்த ஊர். அது அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 அக்டோபர் இறுதிவரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்திலும் அமைந்தது. எல்லை மாறவே, அவ்வூரார்க்குரிய தொழிலாளர் ஆணைகளும் மாறின.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்ட அட்டவணையில் வீட்டுப்பணி இடம்பெறவில்லை. அட்டவணையை விரிவாக்கும் உரிமையை 27ஆம் பிரிவு மாநிலங்களுக்கு வழங்கியது. அதன்வழி கர்நாடகம் 2004இல் வீட்டுப்பணியாளர்க்கு ஊதியம் நிர்ணயித்தது. தமிழ்நாடு 2007இல் நலவாரியம் கண்டது. ஊதிய நிர்ணயம் 2018இல்தான் வந்தது. 18ஆம் பிரிவோ, ஊதியப் பதிவேட்டை வேலையளிப்பவரே பேண வேண்டும் என்றது. தம்மை முதலாளியாகக் கருதாத குடும்பத்தில் அப்பதிவேட்டை எழுதுவார் யார்?

பதிவேடு இல்லாதபோது எஞ்சுவது மாதிரிக் கணக்கெடுப்பு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில், வீடுசார் தனிநபர்ப் பராமரிப்பாளர்க்கு 5322 என்னும் தனி எண் உண்டு. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாடும் அதனையே பின்பற்றுகிறது. ஆயினும் நம் தொழிலாளர் கணக்கெடுப்பு மூன்று இலக்கங்களையே பதிவு செய்கிறது. 532 என்ற அளவில் மருத்துவமனை உதவியாளரும், முதியவர் வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்பவரும் ஒன்றாகிவிடுகின்றனர்.

இழப்பு அதற்கு முன்பே, சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. பராமரிப்புப் பணி செய்யும் பெண் ‘வீட்டு வேலை’ என்றோ, கன்னடத்தில் ‘மனெகெலச’ என்றோ விடையளித்தால், அவர் 911 எனும் துப்புரவு உதவியாளர் வகைக்குள் சென்றுவிடுவார். ‘பெரியவரைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்றாலோ, உறவினர் கடமையையும் கூலித்தொழிலையும் அவ்வினை ஒருங்கே குறிப்பதால், தொழிலாகவே கொள்ளப்படாமல் போகலாம்.

அமெரிக்காவிலும் 1974ஆம் ஆண்டுத் திருத்தம் வீட்டுப்பணியாளரை ஊதியச் சட்டத்துக்குள் கொணர்ந்தபோதே, ‘துணையிருப்போர்’ என்ற பெயரால் முதியோர் பராமரிப்பாளரை விலக்கியது. 2024இல் வெளியான மெடிக்கெய்ட் விதியோ, வீட்டுப் பராமரிப்புக்குச் செலவாகும் தொகையில் பணியாளர் ஊதியமாவது எத்தனை விழுக்காடு என்று மாநிலங்கள் அறிக்கையிட வேண்டும் என்றது. அங்குப் பொதுப்பணம் செல்வதால் கணக்குக் கேட்க இடமுண்டு; இங்குக் குடும்பமே கூலி கொடுப்பதால் கேட்பவர் இல்லை.

எனவே நான்காம் இலக்கத்தைப் பதிவு செய்வதும், வினாப்படிவத்தில் ‘யாரைப் பராமரிக்கிறீர்கள், கூலி யார் தருகிறார்’ என்னும் இரு வினாக்களைச் சேர்ப்பதும் முதற்பணிகளாகும். எண்ணப்படாதவர்க்கு நிர்ணயித்த ஊதியம் கிட்டியதா என்பதை எவரும் சரிபார்க்க இயலாது.