அரசனை அழைத்த சொல் அதிகாரத்தைத் தடுத்த வரலாறு: ‘செக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் வளர்ச்சி

முன்னுரை

‘செக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உள்ள பொருள்கள் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாதவை. வங்கியில் அது காசோலை. ஜவுளிக்கடையில் கட்டம் போட்ட துணி. சதுரங்கப் பலகையில் ராஜாவுக்கு விடும் எச்சரிக்கை. அலுவலகத்தில் சரிபார்ப்பு. அரசியல் சட்டத்தில் அதிகாரத்துக்கு இடும் தடை. அமெரிக்க உணவகத்தில் சாப்பிட்டதற்கான பில். இத்தனைக்கும் வேர் ஒன்றே. இந்தப் பொருள்கள் தற்செயலாகக் குவிந்தவை அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். அரசவை, கருவூலம், வங்கி, சட்டமன்றம், விமானத்தளம் என ஒவ்வொரு நிறுவனமும் தன் தேவைக்காகச் சொல்லை வளைத்திருக்கிறது. அந்த வளர்ச்சி இரண்டு கிளைகளாக ஓடியது. ஆட்டத்தில் எழுப்பும் குரலிலிருந்து ஒன்று பிறந்தது. ஆடும் பலகையிலிருந்து மற்றது பிறந்தது.

ஷாவும் செக்கும்

கி.பி. 6-ஆம் நூற்றாண்டை ஒட்டி இந்தியாவில் வழங்கிய சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்’ ஆனது. 7-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் அரபியர் ஆட்சிக்கு வந்தபின், ‘ச’, ‘க’ ஒலிகள் அரபு நாவுக்கேற்ப மாறி ‘ஷத்ரஞ்ச்’ என்றானது. எதிராளியின் அரசனைத் தாக்கும்போது ‘ஷா’ என்று உரக்கச் சொல்வது பாரசீக வழக்கம். ‘அரசன்’ என்பதே அதன் பொருள். ‘ஆளுதல்’ என்ற பொருளுடைய பழைய ஈரானிய வேரிலிருந்து வந்த இச்சொல்லுக்கு, சத்திரியர் என்ற பெயரில் உள்ள வடமொழிச் சொல் உறவுமுறை.

ஸ்பெயின், இத்தாலி வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்துச் சுவடியில் சதுரங்கம் பற்றிய லத்தீன் செய்யுள் இடம்பெற்றுவிட்டது. ‘ஷா’ லத்தீனில் ‘ஸ்காகஸ்’ ஆகி, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ ஆனது. முன்னால் நின்ற ‘எஸ்’ உதிர்ந்ததும் ஆங்கிலத்தின் ‘செக்’ கிடைத்தது. அதன் பன்மை வடிவமே ஆட்டத்தின் பெயரான ‘செஸ்’. ‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. அரசன் இறந்தான் என்று அரபு வழியிலும், அரசன் வழியற்றுப் போனான் என்று பாரசீக வழியிலும் அதற்குப் பொருள் சொல்வர். ஆட்டத்தில் ராஜா வெட்டப்படுவதே இல்லை என்பதால் பாரசீக விளக்கம் பொருத்தமாகப் படுகிறது.

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் ‘புக் ஆஃப் தி டச்சஸ்’ நூலில், விதியோடு சதுரங்கம் ஆடித் தோற்ற ஒருவனைப் படைத்திருக்கிறார். சொல் அப்போதே பலகையை விட்டு வாழ்க்கைக்குள் இறங்கிவிட்டது என்பதற்கு அது சான்று. பிரெஞ்சு தோல்வி என்ற பொருளைப் பற்றிக்கொண்டது. இன்றும் அங்கே அச்சொல் தோல்வியையும் குறிக்கிறது. ஆங்கிலம் பற்றிக்கொண்டது வேறொன்றை. ‘செக்’ கேட்டவர் தாம் நினைத்திருந்த ஆட்டத்தை நிறுத்தி, முதலில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டாயத்திலிருந்து திடீர் நிறுத்தம், கண்டிப்பு, தடுப்பு ஆகிய பொருள்கள் கிளைத்தன.

கட்டம் போட்ட மேசை

பலகையிலிருந்து பிறந்த கிளை கருவூலத்துக்குப் போனது. சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் ‘ஸ்காக்காரியம்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கியர்’ என்று பெயர். இங்கிலாந்தின் கருவூலம் ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் பெற்றது இதிலிருந்துதான். முதலாம் ஹென்றி காலத்திலேயே, 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இப்பெயர் வழக்கில் இருந்தது. கருவூல அதிகாரியான ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170-களின் இறுதியில் எழுதத் தொடங்கிய ‘கருவூல உரையாடல்’ நூல் அந்த இடத்தைக் கண்முன் நிறுத்துகிறது.

மேசை 10 அடி நீளம், 5 அடி அகலம். காசு உருண்டு விழாதபடி நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் இட்ட கறுப்புத் துணி. வலது ஓரத்திலிருந்து பென்ஸ், ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று பத்திகள். மாவட்ட அதிகாரியான ஷெரிஃப் அரசனுக்குக் கட்ட வேண்டிய தொகை காய்களாக மேல் வரிசையில் அடுக்கப்படும். அவர் கட்டிய தொகை கீழ் வரிசையில் வரும். மேலேயிருந்து கீழே கழிக்கக் கழிக்க, பாக்கி எல்லார் கண்ணெதிரிலும் தெரியும். ரோமன் எண்களில் கழித்தல் கடினம். எழுத்தறியாத ஷெரிஃபும் தன் கடனைக் கண்ணால் பார்க்க இந்த மேசை வழிசெய்தது. சதுரங்கத்தில் அரசர்கள் மோதுவதுபோல இங்கே கருவூலரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே பெயருக்கு விளக்கம் தருகிறார். எனவே மேசையின் கட்டங்களைப் போலவே, கணக்குக் கேட்டுப் பதில் பெறும் மோதலும் பெயருக்குள் உறைந்திருந்தது.

இதே கிளையில் வந்தது கட்டம் போட்ட துணியின் பெயர். சோழமண்டலக் கரையில் நெய்த பருத்திக் கட்டத் துணிகள் ஐரோப்பிய வணிகர்களின் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போயின. ‘மெட்ராஸ்’ என்றே பெயர் பெற்ற அத்துணி செயின்ட் லூசியா, டொமினிகா, மார்ட்டினிக் தீவுப் பெண்களின் மரபுடையில் இன்றும் இடம்பெறுகிறது.

அடிக்கட்டையும் காசோலையும்

பணம் கட்டியவருக்குக் கருவூலம் ரசீதாகத் தந்தது வெட்டுக்குறி இட்ட மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு. நூறுக்குக் கட்டைவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். குச்சியை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைக் கட்டியவரும் மறுபாதியைக் கருவூலமும் வைத்துக்கொள்ளும். தணிக்கையின்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொய் நிற்காது. 19-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்ட இக்குச்சிகளை 1834 அக்டோபர் 16-இல் எரித்தபோது பரவிய தீயில்தான் பழைய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தது.

குச்சியின் இடத்தைக் காகிதம் பிடித்தபோதும் முறை மாறவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்பது பணப்பத்திரத்தின் அடிக்கட்டையைக் குறித்தது. மோசடியைத் தடுப்பதே அதன் வேலை. பிறகு பெயர் அடிக்கட்டையிலிருந்து பத்திரத்துக்கே தாவியது. பத்திரம் மட்டும் அதற்கு முன்பே இருந்தது: லண்டனில் 1659-இல் 400 பவுண்டுக்கு எழுதப்பட்ட பண உத்தரவு ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் ‘எக்ஸ்செக்கர்’ சாயலில் மாறியது. அதை நிலைநிறுத்தியவராக வங்கியாளர் ஜேம்ஸ் வில்லியம் கில்பர்ட்டின் பெயரைச் சொல்வர். அமெரிக்கா பழைய வடிவத்திலேயே நின்றது. குரலின் கிளையும் பலகையின் கிளையும் பிரிட்டிஷ் காசோலையில் ஒன்றுகூடுகின்றன. தடுப்பு என்ற பொருள் முதலாவதிலிருந்து வந்தது. எழுத்து இரண்டாவதிலிருந்து வந்தது.

அரபு வணிகத்தில் வழங்கிய ‘ஸக்’ என்ற பணப்பத்திரமே காசோலைச் சொல்லின் மூலம் என்பாரும் உண்டு. அந்தப் பத்திரமுறை பழமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆங்கில ஆவணங்களில் தடுப்பு, அடிக்கட்டை, பத்திரம் என்ற வரிசை தொடர்ச்சியாகத் தெரிவதால் இக்கட்டுரை அதையே ஏற்கிறது.

அதிகாரத்துக்குத் தடை

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ 1748-இல் வெளியிட்ட ‘சட்டங்களின் உட்பொருள்’ நூல், அதிகாரத்தை அதிகாரத்தாலேயே நிறுத்த வேண்டும் என்ற கருத்தை ஐரோப்பா எங்கும் பரப்பியது. அமெரிக்க அரசியல் சட்டம் உருவான 1787-88-இல் ஜான் ஆடம்ஸ், ஹாமில்டன், மேடிசன் ஆகியோரின் எழுத்தில் ‘செக்’ ஆட்சியியலின் கலைச்சொல்லாக உறுதிப்பட்டது. சட்டமன்றம் நிறைவேற்றியதைக் குடியரசுத் தலைவர் மறுக்கலாம். அந்த மறுப்பை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் சட்டமன்றம் தாண்டலாம். 1803-இன் மார்பரி வழக்குக்குப் பின் இருவர் செயலையும் நீதிமன்றம் செல்லாதென்று சொல்லலாம். ‘அரசன்’ என்று பொருள்பட்ட சொல், எவரும் அரசனாகிவிடாமல் காக்கும் ஏற்பாட்டின் பெயராயிற்று. இச்சொல்லின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம்.

சரிபார்த்தல்

17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒரு கூற்றை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் ‘செக்’ ஆகியிருந்தது. ஒரு கூற்றை நம்புமுன் நிறுத்திவைப்பதே சரிபார்ப்பின் முதல் படி என்பதால் இது தடுத்தலின் நேர் வாரிசு. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில்வே, பெட்டியை ஒப்படைத்தவருக்குத் தந்த அடையாள வில்லைக்கும் இப்பெயரை வைத்தது.

1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ரைட் ஃபீல்டில் போயிங் 299 விமானம் எழும்பியவுடன் விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் பிளோயர் ஹில் அனுபவம் மிக்கவர். இயந்திரத்திலும் கோளாறு இல்லை. நிற்கும் விமானத்தின் வால்பகுதி காற்றில் ஆடாதிருக்கப் போட்ட பூட்டை எடுக்க மறந்ததே காரணம். புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றைச் சிறு பட்டியலாக எழுதிவைப்பது இதன்பின் விமானிகளுக்கு விதியானது. ‘செக்லிஸ்ட்’ 2008-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழியே அறுவை அரங்குக்கும் வந்தது. மயக்க மருந்து கொடுக்குமுன்னும், கத்தி வைக்குமுன்னும், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுமுன்னும் குழு நின்று கேட்டுக்கொள்கிறது. எத்தனை தேர்ந்த கைக்கும் ஒரு நிறுத்தம் தேவை என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

தமிழில்

தமிழ் இச்சொல்லை ஒரே தடவையில் வாங்கவில்லை. வங்கி ‘செக்’கைத் தந்தது, அலுவலகம் ‘செக் பண்ணு’வைத் தந்தது, காவல் துறை ‘செக் போஸ்ட்’டைத் தந்தது, மருத்துவமனை ‘செக்-அப்’பைத் தந்தது, ஜவுளிக்கடை ‘செக்டு சட்டை’யைத் தந்தது. எதிர்க்கட்சிக்கு ‘செக் வைத்தார்’ என்ற செய்தித்தாள் வழக்கு மட்டும் நேரே சதுரங்கத்திலிருந்து வந்தது. ‘செக் பவுன்ஸ்’ சட்டப் பேச்சானதற்கு 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த 138-ஆம் பிரிவு காரணம். தமிழ் அகராதிகள் இவற்றை ஒரே சொல்லின் கீழ் எண்ணிட்டுத் தருவதோடு நில்லாமல், எந்தத் துறை எந்தப் பொருளைக் கொண்டுவந்தது என்பதையும் குறிக்க வேண்டும். அப்போதுதான் கடன்சொற்களின் வழியே நம் சமூக வரலாறும் தெரியவரும்.

முடிவுரை

ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டாவதை மொழியின் ஒழுங்கின்மை என்று கொள்வது பிழை. மனிதர்கள் பணத்தையும் அதிகாரத்தையும் நினைவையும் வெறும் நம்பிக்கையில் விட முடியாது என்று உணர்ந்த ஒவ்வோர் இடத்திலும் ‘செக்’ புதுப்பொருள் பெற்றிருக்கிறது. ஷெரிஃப் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஆட்சியாளர் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. விமானி தன் நினைவையே சோதிக்க வேண்டியிருந்தது. மேலே இருப்பவரையும் நிறுத்திக் கேட்கும் உரிமையைச் சமூகம் கொஞ்சம் கொஞ்சமாக ஈட்டியது. அந்த ஈட்டலின் பதிவேடு இந்தச் சொல்லின் பொருள் வரிசை.