டச்பேட் சைகைகள் (லினக்ஸ்)

மடிக்கணினியின் டச்பேடில் ஒன்று முதல் நான்கு விரல்களால் இடும் கட்டளைகள். லினக்ஸில் விரல்களின் எண்ணிக்கையையும் நகர்வையும் கண்டறிவது 'லிப்இன்புட்' என்னும் மென்பொருள். அதைத் தொடங்கியவர் யோனாஸ் ஓடால், 1.0 பதிப்பு 2015இல் வந்தது. அது சைகையை அறிவிப்பதோடு நின்றுவிடும். அதற்கு என்ன செய்வது என்பதைத் தீர்மானிப்பது டெஸ்க்டாப் சூழல்.

அத்தகைய சூழல்களில் ஒன்றான க்னோமின் 40ஆம் பதிப்பு (2021) முதல், 'வேலண்ட்' என்னும் திரை அமைப்பில் மூன்று விரல்களை மேலே தள்ளினால் திறந்த சாளரங்கள் அனைத்தும் தெரியும். பக்கவாட்டில் தள்ளினால் பணிவெளி மாறும். பழைய எக்ஸ்11 அமர்வில் இவை தாமாக வருவதில்லை. அங்கே 'டச்எக்' என்னும் செயலியை நிறுவ வேண்டும். எந்தச் சைகைக்கு எந்தச் செயல் என்பதை அதன் அமைவுக் கோப்பில் நாமே எழுதிக்கொள்ளலாம்.

புதியவர்களைத் திகைக்க வைப்பது, தட்டினால் கிளிக் ஆகாததே. பழுதில்லை, பல டச்பேடுகளில் லிப்இன்புட் அதை அணைத்தே வைக்கிறது. அமைப்புகளில் 'மவுஸ், டச்பேட்' பகுதியில் இயக்கிவிட்டால் போதும். உருட்டும் திசையையும் அங்கேயே மாற்றலாம்.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தால், விழுப்புரம் மாவட்டத்தின் அனந்தபுரம் போன்ற பேரூராட்சிகளின் மாணவர்கள் கைக்கும் டச்பேட் வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அந்த மடிக்கணினிகளில் இருந்தது. அம்மாவட்டத்தில் லினக்ஸ் கற்க விரும்புவோர் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவை அணுகலாம்.