கால்பந்து வீரரின் ஓட்டம்: அளவுகோல்களின் வரலாறு

தொழில்முறைக் கால்பந்து வீரர் ஒருவர் 90 நிமிட ஆட்டத்தில் ஓடியும் நடந்தும் 10 முதல் 12 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கிறார். இன்று தொலைக்காட்சித் திரையின் ஓரத்தில் தோன்றி மறையும் இந்த எண் 1950களில் தேசிய அணிகளின் பயிற்சியாளர்களுக்குக்கூடத் தெரியாது. அன்று அச்சான கணக்கு இதில் மூன்றில் ஒரு பங்குதான். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் ஆட்டமும் மாறியது, ஆட்டத்தை அளக்கும் கருவியும் மாறியது. எண்ணில் ஏற்பட்ட உயர்வில் வீரரின் கால்களுக்கு உரியது எவ்வளவு, கருவிக்கு உரியது எவ்வளவு என்று பிரித்தறிவதே கால்பந்தின் உடலுழைப்பு வரலாற்றில் முதன்மையான கேள்வி.

பென்சிலும் வரைபடமும்

1946 முதல் 1962 வரை இங்கிலாந்து அணியின் மேலாளராக இருந்தவர் வால்டர் வின்டர்பாட்டம். ஒரு வீரர் ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர் கடக்கிறார் என்பது 1952இல் அவர் தந்த கணக்கு. பின்னாளில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சி இயக்குநரான ஆலன் வேட், 1962இல் 1.6 முதல் 5.5 கிலோமீட்டர் வரை என்று எழுதினார்.

அக்காலத்தில் இத்தகைய கணக்குகள் கையால் எடுக்கப்பட்டன. மைதானத்தின் சிறிய வரைபடத்தைத் தாளில் வைத்துக்கொண்டு, பார்வையாளர் ஒரு வீரரை மட்டும் கவனித்து, அவர் செல்லும் வழியைப் பென்சிலால் கோடாக இழுப்பார். ஆட்டம் முடிந்ததும் கோட்டின் நீளத்தை அளந்து மீட்டராக மாற்றுவார். பந்தை நோக்கிய நீண்ட ஓட்டங்கள் தாளில் பதிந்துவிடும். தன் இடத்துக்குத் திரும்பி நடப்பது, எதிராளியோடு பக்கவாட்டில் நகர்வது, இரண்டடி முன்னும் பின்னும் அசைவது போன்றவை கண்ணுக்கும் கைக்கும் தப்பிவிடும். வீரர் வளைந்து வளைந்து சென்ற வழி தாளில் நேர்க்கோடாகச் சுருங்கிவிடும்.

திரைப்படச் சுருளைப் பயன்படுத்திய ஆய்வாளர்களுக்கு வேறு விடை கிடைத்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் 1967இல் ஒரு வீரரிடம் எடுத்த அளவு 11.5 கிலோமீட்டர். சுவீடனில் 1970இல் பத்து வீரர்களிடம் எடுத்த சராசரி 10.2 கிலோமீட்டர். ஆனாலும் பழைய முறை உடனே மறைந்துவிடவில்லை. 1974இல் இங்கிலாந்தின் 40 தொழில்முறை வீரர்களைக் கையால் குறித்தெடுத்த ஆய்வு 4.8 கிலோமீட்டர் என்றே முடிவு சொன்னது. இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே நாட்டின் தொழில்முறை வீரர்களிடமே நடந்த மற்றோர் ஆய்வு ஏறத்தாழ 8.7 கிலோமீட்டர் என்றது. இரண்டு ஆண்டுகளில் வீரர்களின் ஓட்டம் இப்படிப் பெருகியிருக்க முடியாது. மாறியது அளந்த முறைதான்.

லிவர்பூல், 1976

அந்த இரண்டாவது ஆய்வைச் செய்தவர்கள் தாமஸ் ரைலியும் வாகன் தாமசும். ரைலி லிவர்பூல் பாலிடெக்னிக்கில் பணியாற்றியவர். எவர்டன் அணியின் வீரர்களைக் கொண்டே இந்த ஆய்வு நடந்தது. ஓர் ஆட்டத்தில் ஒரு வீரரை மட்டும் பின்தொடர்வது என்று வைத்துக்கொண்டார்கள். பார்வையாளர் அந்த வீரரின் ஒவ்வொரு அசைவையும் சுருக்கக் குறிகளாகச் சொல்லச் சொல்ல, ஒலிப்பதிவுக் கருவி அதைப் பதிவுசெய்தது. நடை, மெல்லோட்டம், வேக ஓட்டம் ஆகியவற்றில் ஒவ்வொரு வீரரின் காலடி நீளமும் முன்கூட்டியே அளக்கப்பட்டிருந்தது. மைதானத்தின் கோடுகளும் விளம்பரப் பலகைகளும் தொலைவைக் கணிக்க அடையாளங்களாக உதவின. கணிப்பின் நம்பகத்தன்மை வீடியோவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.

மொத்தத் தொலைவைக் காட்டிலும் முக்கியமான இரண்டு உண்மைகள் இதில் வெளிப்பட்டன. முதலாவது, இடத்துக்கு இடம் உழைப்பு வேறுபடுகிறது என்பது. நடுகள வீரர் 9.8 கிலோமீட்டர் கடந்தபோது நடுத் தற்காப்பு வீரர் 7.8 கிலோமீட்டரே கடந்தார். கோல்கீப்பருக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர். இரண்டாவது, அந்தத் தொலைவு எப்படிக் கடக்கப்பட்டது என்பது. 37 விழுக்காடு மெல்லோட்டம், 25 விழுக்காடு நடை, 20 விழுக்காடு மிதவேக ஓட்டம், 11 விழுக்காடு முழுவேக ஓட்டம், மீதி பின்னோக்கிய நகர்வு. ஐந்தாறு நொடிகளுக்கு ஒருமுறை அசைவின் வகை மாறிக்கொண்டே இருந்தது. பந்தைக் காலில் வைத்துக் கடந்த தொலைவு மொத்தத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. கால்பந்து சீரான நெடுந்தூர ஓட்டம் அல்ல, நின்றும் பாய்ந்தும் தொடரும் விட்டுவிட்டு ஓட்டம் என்பது இதன் மூலம் எண்களில் நிறுவப்பட்டது. பிந்தைய ஆய்வுகள் பலவும் இதே வகைப்பாட்டைப் பின்பற்றின.

தசைக்குள் பார்த்தல்

எவ்வளவு தூரம் என்பதோடு, எந்த எரிபொருளில் என்ற கேள்விக்கும் அதே காலத்தில் விடை தேடப்பட்டது. 1960களில் சுவீடனின் யோனாஸ் பெரிஸ்த்ரோம் தசையிலிருந்து ஊசி வழியாகச் சிறு துணுக்கை எடுக்கும் முறையை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்தான கிளைக்கோஜனின் அளவை இதனால் நேரடியாக அறிய முடிந்தது. 1973இல் பெங்த் சால்ட்டின் வெளியிட்ட ஆய்வு இதைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தது. முதல் நாள் கடும் பயிற்சி செய்து, கிளைக்கோஜன் குறைந்த நிலையில் களமிறங்கியவர்கள் 9.7 கிலோமீட்டர் கடந்தனர். அதில் பாதி நடை. நிறைந்த கையிருப்போடு இறங்கியவர்கள் 12 கிலோமீட்டர் கடந்தனர். நடை 27 விழுக்காடு மட்டுமே. முதல் குழுவினருக்கு இடைவேளையின்போதே கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்திருந்தது. ஆட்டத்துக்கு முதல் நாள் பயிற்சியைக் குறைப்பதும், சோறு, ரொட்டி, பாஸ்தா போன்ற மாவுச்சத்து உணவைக் கூட்டுவதும் அணிகளின் வழக்கமாவதற்கு அறிவியல் அடிப்படை இங்கிருந்தே கிடைத்தது.

ஆட்டமுறையின் கோரிக்கை

ஆய்வாளர்கள் அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் பயிற்சியாளர்கள் ஓட்டத்தின் தேவையையே கூட்டிக்கொண்டிருந்தார்கள். பந்து எதிரணியிடம் போன உடனே பலர் சேர்ந்து நெருக்கிப் பறிக்கும் முறையை 1960களில் டைனமோ கீவ் அணியில் வளர்த்தவர் விக்தர் மாஸ்லவ். 1966 முதல் 1968 வரை தொடர்ந்து மூன்று முறை அந்த அணி சோவியத் லீக்கை வென்றது. ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணியிலும் 1974 உலகக் கோப்பையின் நெதர்லாந்து அணியிலும் ரினுஸ் மிஷெல்ஸ் வளர்த்த ஆட்டமுறையில், யார் எந்த இடத்தை விட்டு முன்னேறினாலும் மற்றொருவர் அங்கே ஓடி நிரப்ப வேண்டும்.

கீவில் மாஸ்லவுக்குப் பின் வந்த வலேரி லோபனோவ்ஸ்கி பொறியியல் படித்தவர். அனடோலி செலென்ட்சோவ் என்ற அறிவியலாளருடன் சேர்ந்து பயிற்சிச் சுமையைக் கணக்கிட்டு வகுத்தார். ஆட்டத்தில் ஒவ்வொரு வீரரும் செய்யவேண்டிய செயல்களுக்கு எண்ணிக்கை வைத்து, அதோடு ஒப்பிட்டு அவரை மதிப்பிட்டார். 1975இலும் 1986இலும் அந்த அணி ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையை வென்றது. ஆய்வுக்கூடத்தின் எண் அணித் தேர்விலும் செல்லுபடியாகத் தொடங்கிய முதன்மையான இடங்களில் கீவ் ஒன்று.

டென்மார்க்கின் கேள்வி: சோர்வு எப்போது வருகிறது?

1980களின் பிற்பகுதியிலிருந்து கோபன்ஹேகனில் ஜென்ஸ் பாங்ஸ்போ நடத்திய ஆய்வுகள் கவனத்தை மொத்தத் தொலைவிலிருந்து தீவிர ஓட்டத்துக்குத் திருப்பின. 1991இல் டேனிஷ் வீரர்களிடம் அவர் கண்ட சராசரி 10.8 கிலோமீட்டர். அவர் வடிவமைத்த யோ-யோ சோதனையில் வீரர் 20 மீட்டர் தூரத்தைப் போய்த் திரும்பி, பத்து நொடி இளைப்பாறி, மீண்டும் ஓட வேண்டும். ஓட்டத்தின் வேகத்தை வகுக்கும் ஒலிக்குறி படிப்படியாக வேகமெடுக்கும். சீரான ஓட்டத்தில் தாங்கும் திறனைவிட, பாய்ந்தபின் விரைவில் மீளும் திறனை இது சோதிக்கிறது. இந்தியக் கிரிக்கெட் அணியின் தேர்வில் 2017 வாக்கில் பெரிதும் பேசப்பட்ட யோ-யோ சோதனை இதுவே.

2003இல் மாக்னி மோர், பீட்டர் குரூஸ்ட்ரூப், பாங்ஸ்போ மூவரும் வெளியிட்ட ஆய்வு இத்தாலியின் உயர்மட்ட வீரர்களையும் டென்மார்க்கின் நடுத்தரத் தொழில்முறை வீரர்களையும் ஒப்பிட்டது. மொத்தத் தொலைவில் வேறுபாடு சிறியது. தீவிர ஓட்டத்திலோ உயர்மட்டத்தினர் 28 விழுக்காடு முன்னே இருந்தனர். சோர்வு கடைசிக் கால் மணி நேரத்தில் மட்டும் வருவதில்லை என்பதும் தெரிந்தது. மிகக் கடுமையான ஐந்து நிமிடத்துக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில் தீவிர ஓட்டம் ஆட்டச் சராசரியைவிட 12 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் பாதியில் வந்த மாற்று வீரர்கள், தொடக்கத்திலிருந்து ஆடியவர்களைவிடக் கடைசி 15 நிமிடத்தில் 25 விழுக்காடு கூடுதலாகத் தீவிர ஓட்டம் ஓடினர். பெண்கள் ஆட்டத்துக்கும் 2005இல் டென்மார்க்கிலிருந்தே அளவு வந்தது: மொத்தம் 10.3 கிலோமீட்டர், அதில் தீவிர ஓட்டம் 1.3 கிலோமீட்டர்.

பயிற்சியால் ஓட்டம் கூடுமா என்ற கேள்விக்கு நார்வே விடை தந்தது. யான் ஹெல்கெரூட் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இளம் வீரர்கள் உச்ச இதயத்துடிப்பின் 90 முதல் 95 விழுக்காட்டில் நான்கு நிமிட ஓட்டத்தை நான்கு முறை, வாரத்துக்கு இருமுறை, எட்டு வாரம் செய்தனர். ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 58 மில்லிலிட்டராக இருந்த உச்ச ஆக்சிஜன் உள்ளீர்ப்பு 64 ஆக உயர்ந்தது. ஆட்டத்தில் கடந்த தொலைவு 20 விழுக்காடு கூடியது. முழுவேக ஓட்டங்களின் எண்ணிக்கை இருமடங்கானது.

கேமராக்களின் காலம்

ஒரு வீரரை ஒருவர் பார்க்கும் முறை 1990களின் பிற்பகுதியில் முடிவுக்கு வரத் தொடங்கியது. பிரான்சில் அமிஸ்கோ, இங்கிலாந்தில் ராம் மயில்வாகனம் தொடங்கிய புரோசோன் ஆகிய நிறுவனங்கள், அரங்கின் கூரையோரத்தில் பல கேமராக்களைப் பொருத்தி 22 வீரர்களையும் ஒரே நேரத்தில் தொடர்ந்தன. வீரர்கள் ஒருவரை ஒருவர் மறைக்கும் இடங்களில் ஊழியர்கள் கையால் திருத்தினார்கள். புரோசோனை முதலில் ஏற்றுக்கொண்ட டெர்பி கவுன்டி அணியின் பயிற்சியாளர் ஸ்டீவ் மெக்லாரன், 1999இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குச் சென்றபோது அதன் புழக்கமும் பரவியது.

பருவம் முழுவதற்குமான தரவு கிடைத்ததும், கருவி மாறாமல் ஆண்டுகளை ஒப்பிடும் வாய்ப்பு வந்தது. 2006-07 முதல் 2012-13 வரையிலான ஏழு பிரீமியர் லீக் பருவங்களை ஆராய்ந்து கிறிஸ் பார்ன்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட முடிவு இது: மொத்தத் தொலைவு 2 விழுக்காடுதான் கூடியது. மணிக்கு 19.8 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தீவிர ஓட்டம் 890 மீட்டரிலிருந்து 1,151 மீட்டராயிற்று. 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட முழுவேக ஓட்டங்கள் ஆட்டத்துக்கு 31இலிருந்து 57ஆக ஏறின. ஆக, அண்மைக் காலத்தில் கால்பந்து நீளவில்லை, வேகமெடுத்திருக்கிறது.

அதிகம் ஓடும் அணியே வெல்லும் என்ற எண்ணமும் இத்தரவால் தளர்ந்தது. இத்தாலியின் சீரி ஆ லீக்கில் 2009இல் வெளியான ஆய்வின்படி, பட்டியலின் கீழ்ப்பகுதி அணிகளே கூடுதலாகத் தீவிர ஓட்டம் ஓடின; மேலிருந்த அணிகள் பந்தோடு ஓடியதில் முந்தின. பந்தை இழந்த அணி துரத்தியாக வேண்டும் என்பதே இதற்கான எளிய விளக்கம்.

சட்டைக்குள் கருவி

2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நீக்கியது. இதனால் துல்லியம் கூடியதும், ஆஸ்திரேலியாவில் கேட்டபல்ட் போன்ற நிறுவனங்கள் தோள்பட்டைகளுக்கு இடையே அணியும் சிறு கருவிகளை உருவாக்கின. கால்பந்தில் இவை நெடுநாள் பயிற்சிக்கு மட்டுமே பயன்பட்டன. போட்டி ஆட்டங்களிலும் அணியலாம் என்று விதி இளகியது 2015இல். வேகக் கணக்கு விட்டுவிட்ட ஒன்றை இவை வெளிக்கொணர்ந்தன. நின்ற இடத்திலிருந்து பாய்வதும் ஓடும்போது சட்டென நிற்பதும், வேகம் குறைவாக இருந்தாலும், உடலுக்குப் பெருஞ்சுமை. இத்தாலியில் பியெத்ரோ தி பிரம்பெரோ குழுவினர் 2010இல் முடுக்கத்தையும் சேர்த்து ஆற்றல் செலவைக் கணித்தபோது, தொலைவை மட்டும் வைத்துக் கண்டதைவிட உழைப்பு அதிகமாகத் தெரிந்தது.

வேகம் கூடியதற்கு விலையும் உண்டு. யான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் ஐரோப்பாவின் முன்னணி அணிகளில் 2001 முதல் நடந்துவரும் காய ஆய்வில், மொத்தக் காயங்களில் தொடைப் பின்தசைக் காயத்தின் பங்கு முதல் பருவத்தில் 12 விழுக்காடாக இருந்து 2021-22இல் 24 விழுக்காடானது.

விதிகளும் ஓட்டமும்

ஆட்ட விதிகளும் இந்த உழைப்பைக் கூட்டியும் பகிர்ந்தும் வந்திருக்கின்றன. சக வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்ற 1992ஆம் ஆண்டு விதி, தற்காப்பாளர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் வழியை அடைத்தது. உலகக் கோப்பையில் மாற்று வீரர் முதன்முதலில் அனுமதிக்கப்பட்டது 1970இல். 1990களின் நடுவில் மூவர் என்றான எண்ணிக்கை, கொரோனா காலத்தில் 2020இல் தற்காலிகமாக ஐவராகி, 2022இல் நிலைபெற்றது. 2014இல் பிரேசிலில் வெப்பம் மிகும்போது தண்ணீர் இடைவேளை விடப்பட்டது.

2022 கத்தார் உலகக் கோப்பையில் அரைத் தானியங்கி ஆஃப்சைடு முறைக்காக 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரர் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பதிவுசெய்தன. இன்று அணிகளின் உடற்பயிற்சித் துறைகள் 90 நிமிடச் சராசரியைக் காட்டிலும், ஆட்டத்தின் மிகக் கடுமையான சில நிமிடங்களை எடுத்து, அவற்றைத் தாங்குமாறு பயிற்சியை வகுக்கின்றன. மொத்தக் கிலோமீட்டர் என்ற பழைய எண் பெரும்பாலும் ஒளிபரப்பாளர்களின் பயன்பாட்டுக்குரியதாகிவிட்டது.