புந்தோங் அடுப்படிகள்

ஈப்போவில் கச்சாங் பூத்தே எனும் நொறுக்குத்தீனி என்றால் புந்தோங் வட்டாரம்தான். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் 1940-களில் வீட்டிலேயே தொடங்கிய தொழில். கடலையும் முறுக்கும் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் ஊரெல்லாம் போயின. அந்தப் பெருமைக்குப் பின்னால் இருந்த அடுப்படியை நான் அறிவேன்.

பலகை வீடு, தகரக் கூரை, தரையோடு தரையாக விறகடுப்பு. சட்டியில் எண்ணெய் 180 பாகைச் சூட்டில் காயும்; பக்கத்திலேயே தம்பி தவழ்வான். முறுக்கு பிழிய உட்காருமுன் பாட்டி அடுப்பைச் சுற்றி அரிசி மாவால் ஒரு கோடு இழுப்பார். "தாண்டுனா முறுக்கு கெடையாது!" நாங்கள் தாண்டியதில்லை. எந்தப் பாதுகாப்புப் பாடமும் அதற்கு ஈடில்லை என்பேன்.

பிறகு கேஸ் வந்தது; அடுப்பு மேசைக்கு ஏறியது. ஆபத்து மட்டும் போகவில்லை. சட்டியின் கைப்பிடி வெளியே நீண்டால் பிள்ளையின் கைக்கு எட்டும். அதை உள்பக்கம் திருப்பி வையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேஸை அடைத்து, மூடியால் மூடுங்கள். சுட்ட இடத்தில் கிச்சாப், பற்பசை பூசும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். காயம் பெரிதென்றால் உடனே 999-ஐ அழையுங்கள்.