பூசாரி தலைக் காசு

பஸ்ஸில் சில்லறை இல்லையென்றால் கண்டக்டர் மீதியை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதித் தருவார். இறங்கும்போது காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். 1787-ல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் ஒரு சுரங்கக் கம்பெனி செய்ததும் ஏறக்குறைய அதுதான். எழுதியது மட்டும் செம்பில்.

பிரிட்டனில் ஆலைகள் பெருகிய காலம். கூலி கொடுக்கச் சில்லறை வேண்டும். லண்டன் கோபுரத்திலிருந்த அரசு நாணயச்சாலையோ தங்கத்தையும் வெள்ளியையும்தான் மதித்தது. 1775-க்குப் பின் செப்புக்காசு அடிப்பதையே விட்டுவிட்டது. அந்த இடத்தைக் கள்ளக்காசு பிடித்துக்கொண்டது. 1787-ல் நாணயச்சாலையே சோதித்துப் பார்த்தபோது, நூறு அரைப் பென்னியில் எட்டுதான் ராஜா காசு என்று சொல்லும்படி இருந்தது.

ஆங்கிள்சியின் பாரிஸ் மலையில் (பிரான்சுக்காரர்களின் பாரிஸ் அல்ல) செம்புக்குப் பஞ்சமில்லை. சுரங்கத்தை நடத்திய தாமஸ் வில்லியம்ஸ், வக்கீல் தொழிலிலிருந்து வந்து 'செம்பு ராஜா' என்று பேரெடுத்தவர். அவரது கம்பெனி தானே பென்னி அடித்தது. ஒரு பக்கம் முக்காடு போட்ட தாடிக்காரர்: ட்ரூயிட் எனப்படும் பழங்காலப் பூசாரி. சுற்றிலும் ஓக் இலை வளையம். மறுபக்கம், கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவோம் என்ற வாக்கு. எங்கே தருவார்கள்? காசை நிமிர்த்தி விளிம்பைப் பார்க்க வேண்டும்: லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கிள்சி.

ஆனால் ஜனங்களை நம்பவைத்தது எழுத்தல்ல, எடை என்பேன். ராஜாவின் அரைப் பென்னி சுமார் 10 கிராம். இரண்டு சேர்ந்தால் 20. பூசாரி பென்னி ஒன்றே 28 கிராம். பிறகு அதற்கும் மெலிந்த போலிகள் வந்தன, அது வேறு கதை. ஊர் ஊராக மற்றவர்களும் காசு அடிக்கத் தொடங்கினார்கள். இரும்பாலை முதலாளி ஜான் வில்கின்சன் ராஜா முகம் இருக்க வேண்டிய இடத்தில் தன் முகத்தையே போட்டுக்கொண்டார். கூச்சமே இல்லாத மனிதர்.

இந்த டோக்கன்களை அடித்துக் கை தேர்ந்தவர்களில் ஒருவர் பர்மிங்காமின் மேத்யூ போல்ட்டன். அச்சு இயந்திரத்தை நீராவியால் ஓட்டியவர். 1797-ல் அரசு கடைசியில் அவரிடமே போய் நின்றது. அவர் அடித்துக்கொடுத்த அரசுப் பென்னியும் 28 கிராம்தான்!

சென்னை ராஜதானிக்கான செப்புக்காசுகளும் போல்ட்டனின் ஆலையிலிருந்துதான் கப்பலேறின. 1808 என்று ஆண்டு பொறித்த ஒரு சரக்கு மட்டும் நம் கரைக்கு வரவில்லை. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் இங்கிலாந்துக் கரையோரத்து குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அள்ளிவந்த காசுகளில் ரோமன் எண்ணில் பத்து, பக்கத்தில் 'கேஷ்' என்று இருந்தது. வெள்ளைக்காரன் வாயில் நம் 'காசு'.