இரண வைத்தியர் கிறீனும் தமிழ் வழி வைத்தியக் கல்வியும்

நமது தர்மபுரி, சேலத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லாவானது 1965 ஆம் வருஷம். ஈண்டு அரசாங்க வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது 2008 ஆம் வருஷம். நம்மவர் குடும்பங்களிலும் வைத்தியம் கற்கும் பிள்ளைகள் இப்பொழுது உளர். பட்டம் பெற்றபின் அரூருக்கு அப்பாலுள்ள மலைக்கிராமங்களில் தங்கி வைத்தியஞ் செய்வாரா என்று நாம் கேட்குங்கால், பிள்ளைகளினும் முன்னதாகப் பெற்றோரே முகஞ் சுளிக்கின்றனர். கற்றவன் ஊரில் தங்கானென்னும் இக்குறை பழைமையானது. கடல்கடந்து தமிழ் நாட்டவர்க்கு வைத்தியஞ் செய்ய வந்த இரண வைத்தியர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் இதனோடு போராடிய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர் 1822 இல் அமெரிக்காவிலுள்ள வூஸ்டர் நகரத்துப் பக்கத்தே பிறந்தவர். நியூயார்க்கில் வைத்தியங் கற்றவர். 1847 இல் அமெரிக்க மிஷனைச் சார்ந்து யாழ்ப்பாணம் அடைந்து, மறு வருஷமே மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்தியக் கல்வியும் தொடங்கினார். கிறிஸ்து மதத்தைப் பரப்புதலே அவர் வந்த நோக்கம். அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் கிறிஸ்தவரான தமிழர் ஐரோப்பிய உடையும் நடையும் மேற்கொள்ளுதல் அவருக்குச் சிறிதும் உவப்பன்று.

முதலில் மாணாக்கர்க்கு அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றுத் தேர்ந்தவரோ அரசாங்க உத்தியோகத்தையும் நற்சம்பளத்தையும் நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளி பழையபடியே கிடந்தான். இதனைக் கண்ட கிறீன், 1864 முதல் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். தமிழ் வழிக் கற்றவர்க்கு வெளியூரில் உத்தியோகம் அரிது; ஆகவே சொந்த ஊரிலேயே தங்குவரென்பது அவர் கணக்கு. நுட்பமான கணக்குத்தான், மாணாக்கர் சிலர்க்குக் கசப்பாகவும் இருந்திருக்கும்.

தமிழிற் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டுமன்றோ? தம் மாணாக்கராகிய டான்போர்த், சாப்மன் முதலிய தமிழ் வைத்தியரைத் துணைக்கொண்டு, ஆங்கில நூல்களை மொழிபெயர்க்கலானார். 1857 இல் பிரசவ வைத்திய நூல் வெளிவந்தது. 1867 இல் துரூயிற் என்பாரின் சத்திர சிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' என வந்தது. 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875 இல் 'கெமிஸ்தம்' என நூல்கள் தொடர்ந்தன. தக்க சொல் தமிழிலுண்டாவென முதலில் தேடுவது, இல்லையேல் வடமொழியில் நாடுவது, அதுவும் வாய்க்காவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் முறை. அங்காதிபாதமென்பது உடற்கூறு, இன்று அச்சொல்லைக் கேட்டு நகைப்பார் உளர். எனினும் உடலினுள்ளே கிடக்கும் ஒவ்வொரு நரம்புக்கும் எலும்புக்கும் தமிழில் ஒரு பெயர் தேடியவரின் உழைப்பை அந்நகைப்பு அளந்துவிடாது.

அவரிடம் கற்றுத் தேர்ந்த வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். 1873 இல் ஊர் திரும்பிய பின்னும் வூஸ்டரிலிருந்தே தமிழ் நூல்களைத் திருத்தி வந்தார். 1884 இல் காலமானார். தமிழர்க்கு வைத்தியத்தொண்டு செய்தவர் என்பதே தம் கல்லறையிற் பொறிக்கத்தக்கதெனக் கருதினார். ஆனால் கொழும்பில் 1870 இலேயே ஆங்கில வழி வைத்தியப் பள்ளி தோன்றிவிட்டது. அரசாங்க ஆதரவு அதற்கே கிட்டியபடியால், மானிப்பாயின் தமிழ் வகுப்பு அவருக்குப்பின் நிலைக்கவில்லை.

அவர் கணக்கின் ஒரு பகுதியை நம் ஜில்லாவிலேயே காண்கின்றோம். அரூருக்கு அப்பால், கல்வராயன் மலையடுத்த சித்தேரிப் பக்கத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்குக்கு 1993 இல் வந்த ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் வைத்தியத் தம்பதியர் ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினர். வெளியூரிலிருந்து செவிலியரை எதிர்பாராது, அம்மலைவாழ் பெண்களையே பயிற்றிச் செவிலியராகவும் சுகாதார ஊழியராகவும் ஆக்கினர். அப்பெண்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. அவர்களுக்கு ஊரே அதுதான்.

நமது சங்கத்தார் வைத்திய மாணாக்கர்க்கு அளிக்கும் படிப்புதவியில், பட்டம் பெற்றபின் ஒரு வருஷமேனும் ஜில்லாவின் மலைக்கிராமம் ஒன்றில் தொண்டு செய்யவேண்டுமென்னும் நிபந்தனையைச் சேர்க்கும்படி, வரும் பொதுக்கூட்டத்தில் விண்ணப்பிக்கக் கருதியுள்ளோம். பெற்றோராகிய அங்கத்தினர் தம் ஆட்சேபங்களை முன்னரே எழுதியனுப்புவாராக.